ஒளித்து வைத்துப் படித்தவை



நூலக வார விழா மேடையில் ஏறுகிறவர்கள் எந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன். இன்று வேறு புத்தகங்களைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், நூலகர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். புவியியல் பாடப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துப் படித்த புத்தகங்கள். தலையணை உறைக்குள் போன புத்தகங்கள். வாசலில் விருந்தாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் மெத்தைக்கு அடியில் தள்ளிய புத்தகங்கள். புத்தகங்கள் மட்டுமா? பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சன்னமாக வைத்துக் கேட்ட பாட்டுகள், பார்க்கிறேன் என்று வெளியில் சொல்லத் தயங்கிய தொலைக்காட்சித் தொடர்கள். மனதுக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்று சொல்லத்தான் வாய் வராது. அப்படி ஏதாவது ஒன்று இல்லாதவர் இந்த அரங்கில் இருக்கிறாரா?

ஏன் ஒளித்தோம்? யார் நம்மை ஒளிக்கச் சொன்னார்கள்? ஒளிக்க வேண்டியதைத்தான் ஒளித்தோமா? இதுதான் இன்றைய என் பேச்சு.

கொஞ்சம் பின்னால் போவோம். பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானது. தமிழின் முதல் நாவல் என்று அதை மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளுக்கு நாவல் படிப்பது என்பது ஒரு கெட்ட பழக்கத்தின் பெயராகவே இருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற தம் நூலில் இந்த வரலாற்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். நாவல் படித்தால் இளைஞன் கெடுவான், நாவல் படித்தால் பெண் கெடுவாள், பெண் கெட்டால் குடும்பமே கெடும். இப்படி எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. படித்தவர்கள், பெரிய மனிதர்கள், தமிழ்மேல் பற்றுள்ளவர்கள்.

அவர்கள் யாரைக் குறிவைத்து எழுதினார்கள்? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் வாசகர்களை. இந்த மூவரும் துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையும் தமிழில் கொட்டிக் குவித்தவர்கள். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகவும் வந்தார். இவற்றைப் படித்தவர்கள் பலரும் ஒளித்துத்தான் படித்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு பெண்மணியின் பெயரைச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். பால்ய விவாகம் செய்துவைக்கப்பட்டவர். பள்ளிக்கூடம் போகாதவர். முதலில் ஒரு நாடகத்தை அவர் மனதுக்குள்ளேயே கட்டினார், கையால் எழுதத் தெரியாது. பட்டம்மாள் என்ற தோழி அருகில் உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதினார். சற்று நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே. வீட்டுக்குள் இரண்டு பெண்கள். ஒருத்தி சொல்கிறாள், ஒருத்தி எழுதுகிறாள். அன்றைய ஊர்ப் பேச்சு அதற்கு என்ன பெயர் கொடுத்திருக்கும்? வேலையற்ற வேலை என்றுதானே? அந்த அம்மாள்தான் 1925இல் ஜகன்மோகினி என்ற இதழை எடுத்து நடத்தத் தொடங்கினார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். அவருடைய வாசகிகளில் எத்தனை பேர் அடுப்படியில் உட்கார்ந்து, யாரும் வருகிறார்களா என்று ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டு அந்த இதழைப் படித்திருப்பார்கள்!

இன்று ஜகன்மோகினி இதழ்களைத் தேடி ஆய்வு மாணவர்கள் அலைகிறார்கள். நேற்று ஒளித்ததை இன்று தேடுகிறோம். இது ஒரு முறை நடந்த கதை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்திருக்கிறது. ஒரு முறை ஓர் அரசாங்கமே முன்னின்று நடத்தியிருக்கிறது.

1952. சுதந்திர இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக பி.வி. கேஸ்கர் பொறுப்பேற்கிறார். கற்றவர், சாஸ்திரிய சங்கீதத்தின்மேல் உண்மையான பக்தி உள்ளவர். சினிமாப் பாட்டு மலிவானது, ஆபாசமானது, அது மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அவர் மனமார நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார். ஒலிபரப்பாகும் பாட்டுகளைச் சலித்து எடுக்கச் சொன்னார். படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அது விளம்பரம் ஆகிவிடும் என்றார். படத் தயாரிப்பாளர்கள் கோபத்தில் ஒலிபரப்பு உரிமைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டே காணாமல் போனது.

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்வலம் போகவில்லை, மனு கொடுக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். முள் போய் நின்ற இடம் கொழும்பு.

இலங்கை வானொலியிடம் இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா வட இந்தியாவைக் கட்டிப் போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து வந்தது. பின்னாளில் கே.எஸ். ராஜா வந்தார், பி.எச். அப்துல் ஹமீது வந்தார். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் தேநீர்க் கடை வாசலில் ஜனங்கள் நின்று கேட்டார்கள். யாருடைய பாட்டை? நம்முடைய பாட்டை! கோடம்பாக்கத்தில் பதிவான பாட்டை, இங்கே இருக்கும் தமிழன், கொழும்பு வழியாகக் கேட்டான்.

டில்லி வழிக்கு வந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவிதபாரதி பிறந்தது. சினிமாப் பாட்டுக்கு அரசாங்கம் மறுபடியும் கதவைத் திறந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். 1952இல் மலிவு என்று ஒதுக்கப்பட்டவை எந்தப் பாட்டுகள்? இன்று நாம் பொற்காலம் என்று கண்ணீர் மல்கச் சொல்கிறோமே, ஜி. ராமநாதனின் மெட்டுகள், சி.ஆர். சுப்பராமனின் மெட்டுகள், பி. லீலாவின் குரல், ஏ.எம். ராஜாவின் குரல், அவையும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன. கேஸ்கரை நான் பழிக்கவில்லை. அவருடைய காலத்தில்தான் வானொலி எத்தனையோ சங்கீத மேதைகளுக்குச் சம்பளமும் மரியாதையும் கொடுத்தது. ஆனால் நல்ல இசையைக் கொடுப்பது வேறு, ஒரு மனிதன் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டதற்காக வெட்கப்பட வேண்டும் என்று நினைப்பது வேறு. முதலாவது தொண்டு. இரண்டாவது அதிகாரம். ஆர்மோனியத்தைக்கூட அந்த வானொலி விட்டுவைக்கவில்லையே! 1940இல் விதித்த தடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. கோயில் திருவிழாவிலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் தமிழ்நாடு முழுக்க ஒலித்த ஒரு வாத்தியம், வானொலி நிலையத்துக்குள் மட்டும் நுழையக் கூடாது!

சரி, மாத நாவலுக்கு வருகிறேன். இங்கே பல முகங்களில் சிரிப்பு தெரிகிறது.

எழுபதுகளின் இறுதியிலிருந்து தொண்ணூறுகள் முடியும்வரை பேருந்து நிலையத்துப் பெட்டிக் கடைகள் எப்படி இருந்தன? வாழைத்தாருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு, கயிற்றில் கிளிப்பு மாட்டிய நாவல்கள். அட்டையில் கண்ணைப் பறிக்கும் ஒரு படம், உள்ளே பழுப்புக் காகிதம். ஒரு சினிமா டிக்கெட்டின் விலைகூட இருக்காது. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. அவர்களுடைய கதைகளில் துப்பறியும் விவேக்கும் ரூபலாவும், பரத்தும் சுசீலாவும், நரேந்திரனும் வைஜெயந்தியும். இன்னொரு பக்கம் ரமணிசந்திரன். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாகத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக 'கல்கண்டு' தமிழ்வாணன், அவர் படைத்த சங்கர்லால்.

ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். எண்ணிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. இத்தனையையும் யாரோ படித்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். யார் படித்தார்கள்? பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் படித்தார். திருச்சிக்கும் சென்னைக்கும் இடையில் இரவு லாரியில் கிளீனராகப் போனவர் படித்தார். தட்டச்சுப் பயிற்சிக்குப் போன பெண் படித்தாள். மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக விழித்திருந்தவர் படித்தார். வேலைக்கான நேர்காணல் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பட்டதாரி படித்தான். அவர்கள் யாரும் மேடையில் ஏறி எனக்குப் பிடித்த எழுத்தாளர் இவர் என்று சொல்லவில்லை. கேட்டால் வேறு பெயர்களைச் சொன்னார்கள்.

என் பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவருடைய ரமணிசந்திரன் நாவல்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, தயிருக்கு உறை ஊற்றிவிட்டு, அடுக்களையின் சின்ன விளக்கில் உட்கார்ந்து படிப்பார். நான் போய் நின்றால் முதலில் புத்தகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். வந்தது நான்தான் என்று தெரிந்ததும் வெளியே எடுப்பார். "பெரியப்பாகிட்ட சொல்லாதடா கண்ணு" என்பார். பெரியப்பா கெட்ட மனிதர் இல்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டார், சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பெரியம்மா பயந்தார்.

இந்த இடத்தில் பலர் ஒரு வாதத்தை வைப்பார்கள். நானும் பல காலம் இதைக் கேட்டிருக்கிறேன். மாத நாவல் படித்ததால்தானே எழுத்துக்கூட்டப் பழகினார்கள், அதிலிருந்துதானே பிறகு ஜானகிராமனுக்கும் ஜெயகாந்தனுக்கும் போனார்கள், ஆகவே அது நல்லதுதான் என்பார்கள். அன்பர்களே, அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. சிலர் போனார்கள், உண்மை. என் பெரியம்மா எங்கும் போகவில்லை. கடைசிவரை ரமணிசந்திரன்தான் படித்தார். அப்படியானால் அவர் படித்தது வீணா? எங்கோ போவதற்கான படிக்கட்டாக இருந்தால்தான் ஓர் இன்பத்துக்கு மதிப்பா? நாள் முழுக்க மற்றவர்களுக்காக நின்ற ஒரு பெண், அரை மணி நேரம் தனக்காக உட்கார்ந்தாள். அந்த அரை மணி நேரத்துக்கு அவள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பயன் உண்டு, பயன் உண்டு என்று நாம் வாதாடும்போது, பயன் இல்லாவிட்டால் குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

பின்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. தமிழில் மெத்தைக்கு அடியில் கிடந்தது ஆங்கிலத்தில் வரவேற்பறை மேசைக்கு வந்தது. சுபா என்ற பெயரில் எழுதிய இரு நண்பர்கள் கே.வி. ஆனந்தோடு அயன், கோ போன்ற படங்களுக்கு எழுதினார்கள், நாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அதே கைதான் எழுதியது. கயிற்றில் தொங்கியபோது மட்டும் ஏன் கூசினோம்?

சிறுவர்களின் கதையும் இதுதான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி. வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த கதை அது, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். காமிக்ஸ் படிப்பவன் உருப்பட மாட்டான் என்று அடி வாங்கியவர்கள் இன்று ஐம்பது அறுபது வயதில், புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் அரங்கின் முன் நிற்கிறார்கள். பேரனுக்கு வாங்குவதாகச் சொல்கிறார்கள். பேரனுக்கா என்று நான் கேட்பதில்லை.

இப்போது தொலைக்காட்சித் தொடர். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண் நாள் முழுவதும் கிரிக்கெட் பார்க்கலாம். அது ஆர்வம். தேநீர்க் கடையில் ஒரே செய்தித்தாளை வைத்துக்கொண்டு முற்பகல் முழுக்க உட்காரலாம். அது நாட்டு நடப்பு. ஒரு பெண் மாலையில் அரை மணி நேரம் தொடர் பார்த்தால் அது என்ன? சீரியல் பைத்தியம்! பட்டிமன்ற மேடையில் சுலபமாகக் கைதட்டல் வாங்க வேண்டுமா, சீரியல் பார்க்கும் மாமியாரைக் கிண்டல் செய்தால் போதும். சினிமாவில் நகைச்சுவைக் காட்சி வேண்டுமா, சீரியல் பார்த்துச் சோற்றைத் தீயவிட்ட மனைவியைக் காட்டினால் போதும். தொடர் மட்டுமா? மதியம் ஒரு பெண் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் கேள்வி. திண்ணையில் சும்மா உட்கார்ந்தாலும் கேள்வி. கணவனை இழந்தவள் சினிமாவுக்குப் போனாள் என்று ஊரே பேசிய காலத்தை இங்கே இருக்கும் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்பம் ஒன்றுதான், அனுபவிப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது உரிமையாகவும் குற்றமாகவும் மாறுகிறது.

அந்தப் பெண்கள் அப்படி என்னதான் பார்த்தார்கள்? 1999இல் ராதிகாவின் சித்தி. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று நம் கதைகள் சொல்லிவந்த நாட்டில், மூத்தாளின் குழந்தைக்குத் தாயாக நின்ற ஒரு பெண்ணின் கதை. 2002இல் திருமுருகனின் மெட்டி ஒலி. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன். ஒவ்வொரு கல்யாணமும் ஒவ்வொரு சோதனை. சீர், சம்பந்தி, மாமியார் வீட்டு வாசல். அதைப் பார்த்து அழுதவர்கள் கற்பனைக்கு அழவில்லை. அது பக்கத்துத் தெருவில் நடந்தது, தங்கள் வீட்டிலேயே நடந்தது. 2003இல் தேவயானியின் கோலங்கள். குடும்பத்தைச் சுமந்துகொண்டே கட்டுமானத் தொழிலில் காலூன்றப் போராடும் அபி.

பிறகு 2022இல் எதிர்நீச்சல். படித்த பெண்கள் மருமகள்களாக ஒரு வீட்டுக்குள் வருகிறார்கள், படிப்பை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லப்படுகிறார்கள். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை உங்களுக்கு நினைவிருக்கும். வெறுக்க வேண்டிய பாத்திரம். ஆனால் எந்த வீட்டில் கேட்டாலும், எங்கள் சித்தப்பா இப்படித்தான், என் மாமனார் இப்படித்தான் என்றார்கள். அதிகாரம் வீட்டுக்குள் எப்படிப் பேசும், எப்படி உட்காரும், எப்படித் துண்டை உதறும் என்று அவர் காட்டினார். 2023 செப்டம்பர் 8ஆம் நாள் அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அன்று அவருக்காக அழுதவர்களில் தொடரே பார்ப்பதில்லை என்று சொல்லிவந்த ஆண்களும் இருந்தார்கள். வாசலில் நின்றபடி, போகிற வருகிற சாக்கில், அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

எல்லாத் தொடர்களும் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. பாலில் விஷம் கலப்பதையும் அறை விழுவதையும் ஒரே காட்சியை வாரக்கணக்கில் இழுப்பதையும் நானும் கண்டிக்கிறேன். அவற்றைப் பார்க்கும் பெண்கள் என்னைவிடக் கடுமையாகக் கண்டிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கதையைக் கண்டிக்கலாம், எழுதியவரைக் கேள்வி கேட்கலாம். பார்த்தவளைக் கூனிக் குறுகவைக்க நமக்கு என்ன உரிமை?

அப்படியானால் குற்ற உணர்வே தேவையில்லையா? எந்த இன்பத்துக்கும் வெட்கப்பட வேண்டாமா? இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் கனமாகப் பேச விரும்புகிறேன். வெட்கப்பட வேண்டிய இன்பம் உண்டு. ஆனால் அதை நாம் ஒளிப்பதில்லை.

நாற்பதுகளின் சென்னையை நினைத்துப் பாருங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் தமிழ்நாட்டின் ஈடு இணையற்ற நட்சத்திரம். 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. என்.எஸ். கிருஷ்ணன் தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த மனிதர், கொடுத்துச் சிவந்த கை. அதே சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. பாகவதரும் கிருஷ்ணனும் படத் தயாரிப்பாளர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள், அந்தப் பத்திரிகையின் உரிமம் பறிக்கப்பட்டது. லட்சுமிகாந்தன் இந்து நேசன் என்ற பத்திரிகையை எடுத்து அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பரில் வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கைது செய்யப்பட்டார்கள். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசம். பாகவதர் பழைய சிம்மாசனத்தில் மறுபடி உட்காரவே இல்லை. 1959இல் மறைந்தார். கிருஷ்ணன் அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். ஒரு மனிதன் தெருவில் குத்துப்பட்டுச் செத்தான், இரண்டு மகா கலைஞர்களின் வாழ்வு குலைந்தது, கொன்றது யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

அந்தப் பத்திரிகையை நடத்தியது லட்சுமிகாந்தன். வாங்கியது யார்? அச்சான பிரதிகளைக் காசு கொடுத்து வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்களே, அவர்கள் யார்? நம் பாட்டன்மார், மரியாதைப்பட்ட குடும்பத்தினர். மகள் கையில் வடுவூரார் நாவலைக் கண்டால் பிடுங்கி எறிந்திருப்பார்கள். தாங்கள் படித்த மஞ்சள் பத்திரிகைக்கு அவர்கள் கூசவில்லை.

இன்று அந்தப் பத்திரிகை செத்துவிட்டதா? உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு நடிகையின் விவாகரத்து, ஒரு பாடகரின் நோய், தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்துக்கு நேரே நீட்டப்பட்ட கேமரா. விரலால் தொடுகிறோம், பார்க்கிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். ஒளிக்கிறோமா? இல்லை. குடும்பக் குழுவில் போடுகிறோம். என் பெரியம்மா படித்த காதல் கதையால் எந்த உயிருக்கு என்ன நோவு வந்தது? இரும்புக்கை மாயாவியால் யாருடைய கண்ணீர் சிந்தியது? ஒன்றுமில்லை. அவற்றுக்கு முந்தானை மறைப்பு. இன்னொருவரின் ரத்தமும் மானமும் விலையாகக் கொடுக்கப்படும் இன்பத்துக்கு மட்டும் தேநீர்க் கடையில் நாற்காலி!

குற்ற உணர்வு என்பது மனிதனுக்குத் தேவையான உணர்வுதான் நண்பர்களே. அது இல்லாவிட்டால் நாம் மனிதர்களே இல்லை. அதை இத்தனை காலம் தவறான இடத்தில் செலவழித்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

நூலகத்தில் நின்று பேசுவதால் இருவரின் பெயரைச் சொல்லி முடிக்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். 1931இல் அவர் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது இன்னொன்று. உயர்ந்த நூலுக்கு மட்டும், தகுதியுள்ள வாசகருக்கு மட்டும் என்று அவர் கோடு போடவில்லை. 1948இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடம்வரை அந்தச் சட்டம் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெரிய பட்டம் பெற்றவர் இல்லை. இலக்கணத்தையும் சேர்த்தார், துப்பறியும் நாவலையும் சேர்த்தார், நாடக நோட்டீசையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தார். எதையும் தாழ்ந்தது என்று ஒதுக்கவில்லை. அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாகியது. பழைய வெகுஜன வாசிப்பைப் பற்றி ஆராய்கிறவர்கள் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

நூலகர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். தரைத்தளத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், மாத நாவலுக்கும் காமிக்சுக்கும் பழைய வார இதழுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். சாவி போட்டுப் பூட்டாத அலமாரியாக இருக்கட்டும். தாய்மார்களிடமும் கேட்கிறேன். வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே உங்கள் பெயரை எழுதி, எந்த ஆண்டு படித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவாருங்கள். என் பெரியம்மாவின் புத்தகங்களில் மிஞ்சியவற்றை ஒரு பையில் கொண்டுவந்து நூலகரின் மேசைமேல் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.